பத்திரிகையாளர் ஆக ஆசை, முதல் செய்தியிலேயே சறுக்கல்

முதல்பக்கம்:
வணக்கம். வயது 19, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, புள்ளியியல். எட்டாம் வகுப்பில் நெல்லி பிளை பற்றிப் படித்த நாளிலிருந்து பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்று ஆசை. 1887ல் நியூயார்க்கில் மனநோயாளி மாதிரி நடித்துப் பெண்கள் மனநலக் காப்பகத்துக்குள் போய், 10 நாள் இருந்து, பார்த்ததை எழுதியவர். வீட்டில் இந்த ஆசையைச் சொன்னதே இல்லை. கேட்டால் வங்கித் தேர்வு எழுதப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் எங்கள் மாணவர் இணைய இதழில் என் முதல் செய்தி வந்தது. நூலகத்தை இனி மாலையில் திறக்க மாட்டார்கள், பணம் இல்லை என்பது காரணம், இதுதான் செய்தி. ஒரு சீனியர் சொன்னதை வைத்து எழுதினேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள், இரண்டு நாள் கால் தரையில் படவில்லை. மூன்றாம் நாள்தான் தெரிந்தது, மின்கம்பி மாற்றும் வேலைக்காக இரண்டே வாரம் மாலை நேரத்தை நிறுத்தியிருக்கிறார்கள், பணப் பிரச்சினை எதுவும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. "இது குறித்து நூலகர் பதில் அளிக்க மறுத்துவிட்டார்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். உண்மையில் ஒரே ஒரு தடவை போனேன், அறை பூட்டியிருந்தது, திரும்பி வந்துவிட்டேன். செய்திகளில் அப்படித்தானே வரும் என்று எழுதிவிட்டேன். அவர் அதைப் படித்துவிட்டாராம். இப்போது அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை.

கேள்வி இரண்டு. செய்தியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாமா? இப்படி ஆரம்பித்த ஆள் இந்தத் தொழிலுக்கு லாயக்கா?

சும்மாவந்தவன்:
எடுத்துவிடு தம்பி. அடுத்த வாரம் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

கணக்குப்புலி:
இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வங்கித் தேர்வை எழுது தம்பி. பத்திரிகைகளைத் தாங்கிப் பிடித்ததே விளம்பரம்தான், அது இணையத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. செய்தியறைகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. எங்கள் சொந்தத்தில் ஒருவர் 14 வருடம் நிருபராக இருந்தார், ஒரு மதியம் கூப்பிட்டுக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பதையும் செயற்கை நுண்ணறிவு எழுதிவிடும். புள்ளியியல் படித்துவிட்டு யாராவது இதற்கு வருவார்களா?

பழையடெஸ்க்:
தம்பி, நூலகம், பணம், மின்கம்பி எல்லாம் இருக்கட்டும். அது தகவல் பிழை, எல்லோருக்கும் நடக்கும். நான் 22 வருடம் டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன், என் கையைத் தாண்டியும் பிழைகள் அச்சுக்குப் போயிருக்கின்றன. ஒரு தடவை இறந்தவர் படத்துக்குப் பதிலாக இரங்கல் தெரிவித்தவர் படத்தைப் போட்டுவிட்டோம். மறுநாள் காலை அவரே போன் செய்து, நான் இன்னும் இருக்கிறேன் என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் வலித்தது.

என்னை உறுத்துவது "மறுத்துவிட்டார்" என்ற அந்தச் சொல். பதில் அளிக்க மறுத்தார் என்று எழுதினால், நீ கேட்டாய், கேள்வி அவர் காதில் விழுந்தது, அவர் முடியாது என்றார் என்று அர்த்தம். தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதினால், போன், நேரில், மின்னஞ்சல் எனப் பல வழியில் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேள்விகளுக்கு இதுவரை பதில் வரவில்லை என்றால், எழுத்தில் அனுப்பிவிட்டு நியாயமான அவகாசமும் கொடுத்திருக்கிறாய். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்ததற்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தாது. அதற்கு என்று ஒரு வாக்கியமே கிடையாது, ஏனென்றால் வேலை இன்னும் முடியவில்லை. எங்கள் டெஸ்க்குக்கு இந்த வரி வந்தால் நிருபரைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்குக் கேட்டாய், என்ன கேட்டாய், எந்த வார்த்தையில் மறுத்தார் என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேருக்கு முகம் மாறிவிடும். அப்புறம் போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவார்கள்.

செய்தியை எடுக்காதே. தவறை அதே இடத்தில் சரிசெய்து, மேலே திருத்தம் என்று போட்டு, முன்பு என்ன எழுதியிருந்தோம், எது சரி, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று எழுது. வருந்துகிறோம் என்பது ஒரு தடவை போதும், நான்கு பத்தி அழ வேண்டாம். ஆனால் அதைப் போடுவதற்கு முன் நூலகரை நேரில் போய்ப் பார்.

முதல்பக்கம்:
நன்றி ஐயா. நேரில் போவதை நினைத்தால்தான் பயம். அப்புறம் ஒன்று, எல்லோரும் தம்பி தம்பி என்கிறீர்கள். நான் தங்கச்சி.

பழையடெஸ்க்:
திருத்தம்: இந்த இழையில் என் முந்தைய பதிவில் "தம்பி" என்று வந்ததைத் "தங்கச்சி" என்று படிக்கவும். கேட்காமல் எழுதியதற்கு வருந்துகிறேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்று பார்த்தாயா? அரை நிமிடம்.

நள்ளிரவுஷிப்ட்:
ஐயா கொஞ்சம் மென்மையாகச் சொல்லிவிட்டார், நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. தவறு வேறு, புனைவு வேறு. சீனியர் சொன்னதை நம்பியது தவறு. நடக்காத உரையாடலை நடந்த மாதிரி எழுதியது புனைவு. 1980ல் வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக் என்ற நிருபர், ஹெராயினுக்கு அடிமையான 8 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். ஊரே பதறியது, போலீஸ் அந்தப் பையனைத் தேடி அலைந்தது. அடுத்த வருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு அறிவித்த பிறகு அவர் சொல்லியிருந்த படிப்பு விவரங்கள் பொய் என்று தெரிந்து, நூல் பிடித்துப் போனால் அந்தச் சிறுவனே கிடையாது. பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் டெர் ஸ்பீகல் பத்திரிகையின் கிளாஸ் ரெலோட்டியஸ் விவகாரம் 2018ல் வெளியே வந்தது, அதைக் கண்டுபிடித்தவர் கூடவே வேலை பார்த்த இன்னொரு நிருபர்.

இவர்கள் எல்லாம் முதல் நாளே ஆளையே உருவாக்கிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் முதல் படி இந்த மாதிரி ஒரு வரியாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஓடும்செருப்பு:
கொஞ்சம் பொறுங்கள். 19 வயதுப் பெண் ஒரு கல்லூரி இதழில் எழுதியதற்கு ஜேனட் குக்கா? அவள் ஏமாற்ற நினைக்கவில்லை, செய்தி நடையைக் காப்பி அடித்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தோம். "பரபரப்பு ஏற்பட்டது" என்று நான் எழுதிய முதல் செய்தியில், பரபரப்பு அடைந்த ஒரே ஆள் நான்தான்.

பழையடெஸ்க்:
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நூலகர் பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே என்ன எண்ணம் இருந்தது என்பது அவருக்கு எதற்கு? அவர் மறுத்ததாக ஊருக்கே தெரிந்துவிட்டது.

நள்ளிரவுஷிப்ட்:
சரி, குரலைக் குறைத்துக்கொள்கிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை தங்கச்சி. நீ தானாக வந்து சொன்னாயே, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்காதே.

முதல்பக்கம்:
பரவாயில்லை அண்ணா. படித்ததும் கோபம் வந்தது, போனை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். ராத்திரி யோசித்தபோது, அந்த வரியை எழுதும்போதே ஒரு நொடி கை நின்றது ஞாபகம் வந்தது. தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். நாளை போகிறேன்.

ஓடும்செருப்பு அக்கா, நீங்கள் நிருபரா? இதற்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா? புள்ளியியலை விட்டுவிட்டு இதழியல் சேரலாமா என்று ஒரு யோசனை.

ஓடும்செருப்பு:
ஆமாம், 11 வருடமாக. நீதிமன்றமும் உள்ளாட்சியும் என் பீட், அதாவது நான் செய்தி சேகரிக்கும் துறைகள். புள்ளியியலை விட்டால் அடிப்பேன்.

இதழியல் படிப்பு நல்லதுதான், சட்டம், நெறிமுறை, எடிட்டிங் எல்லாம் ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள், பயிற்சிக்குப் போக வழியும் கிடைக்கும். ஆனால் எங்கள் செய்தியறையில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எண்ணைப் பார்த்தால் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒரு விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதம் ஆனால் 2 சதவீதம் உயர்ந்தது என்று எழுதிவிடுகிறார்கள். உயர்ந்தது 2 சதவீதப் புள்ளி, சதவீதத்தில் சொன்னால் 50. அதிகாரிக்கு எது வசதியோ அதை அவர் சொல்வார், அதை அங்கேயே பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பணக்காரர்கள் வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகச் சொத்தை மறைத்ததைக் காட்டிய பனாமா ஆவணங்கள் 2016ல் வந்தபோது 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள். அதை ஒருத்தர் உட்கார்ந்து வாசிக்க முடியாது, பல நாட்டு நிருபர்கள் சேர்ந்து தேடக்கூடிய தரவாக மாற்றித்தான் செய்தி எடுத்தார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னும் சின்னது. பாஸ்டன் குளோப் 2002ல் பாதிரியார்களின் பாலியல் குற்றங்களைத் திருச்சபை மூடி மறைத்ததை வெளியிட்டது. நீதிமன்ற ஆவணம், பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலம் எல்லாம் இருந்தாலும், அவர்கள் செய்த ஒரு வேலை என்ன தெரியுமா? திருச்சபையே வருடாவருடம் அச்சடித்த பெயர்ப் பட்டியல் புத்தகங்களை எடுத்து, எந்தெந்தப் பாதிரியார் பெயருக்கு நேராக நோய்விடுப்பு, பணி ஒதுக்கப்படவில்லை என்று வருகிறது என ஒவ்வொன்றாகக் குறித்துத் தரவாக்கினார்கள். ரகசியமே இல்லாத புத்தகம். அலமாரியில் இருந்தது. உன் பாடத்தில் இதற்குப் பெயர் அட்டவணைப்படுத்தல், அவ்வளவுதான்.

நெல்லி பிளை பற்றிச் சொன்னாய். வேஷம் போட்டு உள்ளே போவது எங்களுக்கும் ஆசைதான், ஆனால் பொறுப்பான ஆசிரியர்கள் அதை வேறு வழியே இல்லாதபோதுதான் அனுமதிப்பார்கள். நீ வேஷம் போடாமல் கதவைத் தட்டப் பழகு முதலில்.

சும்மாவந்தவன்:
அக்கா, கதவைத் தட்டினால் அந்த ஆள் "இதெல்லாம் எழுதாதே" என்று சொல்லிவிட்டால்?

ஓடும்செருப்பு:
நல்ல கேள்வி, சும்மா வந்தவர் சும்மா கேட்கவில்லை. ஆஃப் தி ரெக்கார்டு என்பது இரண்டு பேரும் பேசுவதற்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். நிருபர் என்று சொல்லித்தான் பேசினாய், அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் எழுதாதே என்றால் அது உன்னைக் கட்டுப்படுத்தாது. பேட்டி என்றால் என்னவென்று தெரிந்த அதிகாரியிடம் இது செல்லும். முதல் தடவை நிருபரைப் பார்க்கும் ஒரு சாதாரண மனிதரிடம் அதே கறாரைக் காட்டக்கூடாது, அவருக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் இதை மாற்றிச் செய்து ஒருமுறை ஒரு தாயை அழவைத்திருக்கிறேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

கணக்குப்புலி:
எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் கேட்ட செயற்கை நுண்ணறிவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆபத்து பற்றியும்தான். மால்டாவில் டாஃப்னி கருவானா கலிசியா என்று ஒரு அம்மா ஊழலைப் பற்றி எழுதினார், 2017ல் காரில் குண்டு வைத்தார்கள். வீட்டில் சொல்லப் பயப்படுகிறாள் என்றால் பெற்றவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

நள்ளிரவுஷிப்ட்:
ஆபத்துக்கு நல்ல பதில் கிடையாது சார். எல்லா வேலையும் அப்படி இல்லை, பெரும்பாலான நாட்கள் கூட்டக் குறிப்பும் விபத்துச் செய்தியும்தான், ஆனால் இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். தனியாகப் போகாதே, எங்கே போகிறாய் என்று டெஸ்க்கில் சொல்லிவிட்டுப் போ, இவ்வளவுதான் எங்களால் சொல்லித்தர முடிந்தது.

இயந்திரத்துக்கு வருகிறேன். அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2014லேயே நிறுவனங்களின் காலாண்டு லாபநட்டச் செய்திகளைத் தானாக எழுதவைக்க ஆரம்பித்துவிட்டது. எண்ணை எடுத்து அச்சில் வார்க்கும் வேலை, நான் இரவு முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறேன், அது போனதற்கு எனக்கு வருத்தமே இல்லை. மொழிபெயர்ப்பும் போகிறது. அதில்தான் எனக்குக் கொஞ்சம் நெருடல், ஏனென்றால் பலர் தொழில் கற்றதே அங்கேதான். பாரதியே 1904ல் சுதேசமித்திரனில் சேர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கித்தான் தொடங்கினார். அந்தக் கீழ்ப்படி இல்லாமல் போனால் புதியவர்கள் எங்கே கால் வைப்பார்கள் என்பது நிஜமான கவலை. கணக்குப்புலி சார் அதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இந்தத் தங்கச்சியின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் எழுதிய மாதிரி ஒரு செய்தியை இயந்திரம் பத்து விநாடியில் எழுதும், "பதில் அளிக்க மறுத்துவிட்டார்" வரியோடு. அதுவும் இவளைப் போலவே, செய்திகளில் அப்படித்தானே வரும் என்று போட்டுவிடும்.

கணக்குப்புலி:
இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சம்பளம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

ஓடும்செருப்பு:
குறைவு. ஸ்டிரிங்கராக ஆரம்பித்தால் ரொம்பக் குறைவு, வந்த செய்திக்குத்தான் காசு. வீட்டில் ஆறு மாதமாவது தாங்குவார்களா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வங்கித் தேர்வையும் எழுது தங்கச்சி, அதில் என்ன கேவலம்? ஆனால் அதை எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்வது போல இதையும் சொல்லிவிடு. மற்றவர்களிடம் உண்மையைக் கேட்கப் போகிறவள் வீட்டில் இரண்டு வருடமாக மழுப்பிக்கொண்டிருக்கிறாய்.

முதல்பக்கம்:
அக்கா, அது சுட்டது.

நூலகரைப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ எப்போது என்னிடம் கேட்டாய்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் கேட்கவில்லை, கதவு பூட்டியிருந்தது என்றேன். எந்தக் கதவு என்றார். காட்டினேன். அது பின்பக்கக் கதவாம், மாலையில் எப்போதுமே பூட்டித்தான் இருக்குமாம். முன்கதவில் இரண்டு வார அறிவிப்பு இன்னும் ஒட்டியிருந்தது, தேதியோடு. என் செய்தி வருவதற்கு நான்கு நாள் முந்தைய தேதி. நடந்து சுற்றி வந்திருந்தால் செய்தியே மாறியிருக்கும்.

திருத்தம் போட்டாகிவிட்டது. ஐயா சொன்ன மாதிரி மூன்றே வரி. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பகிரவில்லை, எண்ணிப் பார்த்தேன். சீனியர் ஒருவர் உன்னால் இதழுக்கு அவமானம் என்றார். செய்தியை எனக்குச் சொன்னவரும் அவர்தான்!

பழையடெஸ்க்:
திருத்தம் எப்போதும் மூலத்தைவிடக் குறைவாகத்தான் போகும். 1948ல் சிகாகோ ட்ரிப்யூன் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுக்குக் காத்திருக்காமல் டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டது, ஜெயித்தது ட்ரூமன். அந்தப் பத்திரிகை அதற்கு முன்னும் பின்னும் சரியாகப் போட்ட தலைப்புகளில் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். ட்ரூமன் சிரித்துக்கொண்டே அந்தப் பிரதியைத் தூக்கிப் பிடித்த படம்தான் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சீனியரோடு சண்டை போடாதே. அடுத்த முறை அவர் ஏதாவது சொன்னால், உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று மட்டும் கேள்.

முதல்பக்கம்:
கேட்டுவிட்டேன் ஐயா. அவருக்கும் யாரோ சொன்னார்களாம்.

இன்னொரு விஷயம். பேசிக்கொண்டிருக்கும்போது நூலகர் தானாக ஒன்று சொன்னார். மாலை நேரம் நின்ற இரண்டு வாரத்தில் தினமும் சிலர் வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம், பகலில் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு மாலையில் மட்டும் படிக்க வருகிற மாணவர்களாம். மாலையில் வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், நேரத்தை நீட்டிக்கலாம் என்று தனக்கு ஒரு எண்ணம், ஆனால் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை என்றார். வருகைப் பதிவேடு இருக்கிறது, கையால் எழுதியது, நேரத்தோடு. பார்க்கலாமா என்று கேட்டேன். பெயர்களை வெளியே எடுக்கக்கூடாது, அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். மூன்று நாளாக மாலை வகுப்பு முடிந்ததும் அங்கேதான் இருக்கிறேன். பெயரைக் குறிக்காமல் நேரத்தையும் தேதியையும் மட்டும் எழுதுகிறேன்.

ஒரே ஆள் அடிக்கடி வந்தால் அதை எப்படி எண்ணுவது? வருகையா, ஆளா?

ஓடும்செருப்பு:
பெண்ணே, இதைத்தான் சொன்னேன்! இரண்டையும் தனித்தனியாக எண்ணு, எழுதும்போது எதை எண்ணினாய் என்று சொல். தேர்வு மாதத்தைத் தேர்வு மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், விடுமுறையைக் கலந்துவிடாதே. அப்புறம் மாலையில் வருகிற இரண்டு மூன்று பேரிடம் பேசு. பெயர் போடலாமா என்று அவர்களிடமே கேள், வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்தால் சிக்கலா என்றும் கேள். நேரத்தை நீட்டிக்க முடியாது என்று சொல்லக்கூடியவர் யாரோ, அவரிடமும் போக வேண்டும். நூலகர் நல்லவர் என்பதற்காக அவர் எண்ணத்தை அப்படியே செய்தியாக்கிவிடாதே.

கணக்குப்புலி:
சரி, எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. மாலை 6 மணிக்கு மேல் எத்தனை பேர் வருகிறார்கள்?

முதல்பக்கம்:
இன்னும் ஒரு பதிவேடு பாக்கி இருக்கிறது சார்.

கணக்குப்புலி:
சுமாராகச் சொல்லேன்.

முதல்பக்கம்:
எண்ணி முடித்துவிட்டுச் சொல்கிறேன்.